பாசியின் கணக்கு

யானைக் கூட்டம் வந்து தங்கும் காட்டின் பெயராகவே சானமாவை நாளிதழ் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். ஓசூரில் ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கே குடியேறிய ஆண்டில், வீட்டின் பின்புறத்தில் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். ஏறத்தாழ 4,200 லிட்டர் நீர் கொள்ளும். அதில் வண்ணக் கெண்டைகள் ஒன்பதும் ரோகு மீன்கள் ஐந்துமாகப் பதினான்கு வளர்ந்துவந்தன. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் அவற்றில் பதினொன்று வயிறு மேலாக மிதந்தன. எஞ்சிய மூன்றும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நோய் எதுவும் வரவில்லை. அவை இறந்ததற்கு நானே காரணம்.

முதல் நாள் மாலைவரை என் கவலை மீன்களைப் பற்றியதாக இருக்கவில்லை. நீரின் நிறத்தைப் பற்றியதாகவே இருந்தது. கோடை தொட்டே தொட்டி நீர் கீரைச் சாறுபோலப் பச்சையாகிவிட்டது. சுவர்களில் இழைப்பாசி முடிக்கற்றையாகத் தொங்கியது. இருமுறை முழுவதும் இறைத்துக் கழுவினேன். பதினைந்து நாட்களில் பச்சை திரும்பியது. மயில் துத்தம் போட்டால் ஒரே நாளில் பாசி செத்துவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். ஒரு கரண்டி அளவு, இருபது கிராம் இருக்கும், கரைத்து ஊற்றினேன். விடிந்தபோது நான் கண்டது மேலே சொன்ன காட்சி.

மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. மூன்றாம் வாரம் முன்பைவிட அடர்ந்த பச்சையாயிற்று. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கேட்டாள்: "பாசி செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே தாத்தா, திரும்ப எப்படி வந்துச்சு?" அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த விடை என் தொட்டியோடு நிற்கவில்லை. சில கல் தொலைவில் ஓடும் தென்பெண்ணை வரை நீண்டது.

முதலில் மீன்கள் ஏன் இறந்தன என்பது. மயில் துத்தத்தில் உள்ள தாமிரம் பாசிக்கு மட்டும் நஞ்சன்று. மீனின் செவுளையும் தாக்கும். நீரில் கரைந்துள்ள கார உப்புகள் தாமிரத்தின் கடுமையைத் தணிக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த உப்புகள் மிகுதி. மழை நீரில் அவை மிகக் குறைவு. என் தொட்டியோ கூரையிலிருந்து வழிந்த ஐப்பசி மழையால் நிரம்பியிருந்தது. மீன் வளர்ப்போர் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. கார உப்புகளின் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மயில் துத்தத்தைத் தொடவே கூடாது. அதற்கு மேல் இருந்தால், அந்த அளவை நூறால் வகுத்து வரும் எண்ணே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு. 50 என்று வைத்துக்கொண்டாலும் என் தொட்டிக்கு வரம்பு இரண்டு கிராம்தான். நான் ஊற்றியது அதைப்போல் பத்து மடங்கு.

இரண்டாவது காரணம், பிராணவாயு. பகலில் பாசி, எந்தத் தாவரத்தையும்போல, சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் மீனைப்போல் பிராணவாயுவை உட்கொள்கிறது. அதனால் பாசி மிகுந்த குளத்தில் மாலையில் பிராணவாயு மிகுந்தும் விடியலில் மிகக் குறைந்தும் இருக்கும். மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் வாய் பிளப்பதும் மடிவதும் இதனால்தான். மந்தாரமான நாளாயின் நிலைமை இன்னும் மோசம். பகல் வரவு குறைந்து இரவுச் செலவு அப்படியே நிற்கிறது. இதன்மேல் பாசியை ஒட்டுமொத்தமாகக் கொன்றால், செத்த பாசியை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கின்றன.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிக் குறையும் உண்டு. நீரின் வெப்பம் ஏற ஏற, அதில் கரையக்கூடிய பிராணவாயு குறையும். கடல்மட்டத்தில் 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரைதான். ஓசூர்ப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் குறைந்து, இந்த அளவுகளிலும் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை மீன்கள் நலமாக இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் திணறும். சென்னையில் ஒரு தொட்டி தாங்கும் பிழையைச் சானமாவில் ஒரு தொட்டி தாங்காமல் போகலாம்.

ஆனால் இவையெல்லாம் என் தவற்றுக்கான விளக்கம் மட்டுமே. பேத்தியின் கேள்வி வேறு. செத்த பாசி ஏன் திரும்பி வந்தது?

பாசி காற்றில் வரும், மழையில் வரும், பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு வரும். திறந்த நீர்நிலை எதிலும் அதன் வித்து இல்லாமல் இராது. ஆகவே பாசி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை. அது எதைத் தின்று பெருகியது என்றே கேட்க வேண்டும். ஒளியும் கரியமில வாயுவும் தாராளமாகக் கிடைக்கின்றன. நைட்ரஜனைச் சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்றிலிருந்து எடுக்க முடியாதது பாஸ்பரஸ் ஒன்றுதான். பெரும்பாலான நன்னீர்நிலைகளில் பாசி எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

இதை உலகுக்குக் கண்ணெதிரே காட்டியது கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1973-இல் நடந்த ஓர் ஆய்வு. டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியின் நடுவே திரையிட்டு அதை இரு பாதிகளாகப் பிரித்தனர். இரு பாதிகளிலும் கரிமத்தையும் நைட்ரஜனையும் இட்டனர். ஒரு பாதியில் மட்டும் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் வானிலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைக் குழம்பாகவும் மற்றது தெளிந்த கருநீரமாகவும் தெரிந்தன. சலவைத்தூளில் உள்ள பாஸ்பேட்டுக்கும் ஏரிகள் கெடுவதற்கும் தொடர்பில்லை என்று அக்காலத்தில் நடந்த வாதத்துக்கு அந்தப் படம் பெரிதும் விடையளித்தது.

ஒரு கிராம் பாஸ்பரஸ், மற்றவை குறைவின்றிக் கிடைத்தால், அதைப்போல் ஐந்நூறு மடங்கு எடையுள்ள ஈரப்பாசியை உருவாக்க வல்லது என்பது நீரியலாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கை என் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஐம்பது கிராம் தீவனம் இட்டுவந்தேன். மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இருக்கும். அதாவது அரை கிராம். அதில் மீனின் உடலில் சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மிச்சம் கழிவாகவும் தின்னாத தீவனமாகவும் நீரில் தங்கிவிடுகிறது. மாதத்துக்கு அது பத்து கிராம். ஐந்நூறால் பெருக்கினால் ஐந்து கிலோ பாசி. நான் மீன் வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு, மாதம் ஐந்து கிலோ பாசிக்குத் தேவையான உரத்தை நாள் தவறாமல் இட்டுவந்திருக்கிறேன்!

மயில் துத்தம் பாசியைக் கொன்றது. பாசிக்குள் இருந்த பாஸ்பரஸை ஒன்றும் செய்யவில்லை. செத்த பாசி மக்கியதும் அது மீண்டும் நீரில் கரைந்தது. அதைத் தின்று புதிய பாசி எழுந்தது. பாசியைத் தின்று அதற்குப் போட்டியாக இருந்த நத்தைகளும் சிற்றுயிர்களும் தாமிரத்தால் அழிந்துபோயிருந்ததால், புதிய தலைமுறைக்குத் தடையும் இல்லை. தாமிரமோ மக்குவதில்லை, அடி வண்டலில் தங்கிவிட்டது. மருந்தால் நான் அடைந்தது இதுதான்.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது வழி சொன்னவர் பக்கத்து நிலத்தில் கேழ்வரகும் தக்காளியும் பயிரிடும் முதியவர் ஒருவர். மீன்கள் செத்ததைக் கேட்டு வந்து பார்த்தவர், தொட்டியின் அடியில் கோலை விட்டுக் கலக்கினார். கருஞ்சேறு எழுந்தது. "இது எரு சார். எருவைத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டு பாசி வருதேன்னா எப்படி? எங்க அப்பா காலத்துல கோடையில ஏரி வண்டலை வண்டி வண்டியா அள்ளி வயலுக்கு அடிப்பாங்க" என்றார். கனடா நாட்டு ஆய்வு சொன்னதை அவர் தம் சொற்களில் சொல்லிவிட்டார்.

நம் ஏரிப் பராமரிப்பின் அடிப்படை இதுவே. குடிமராமத்து என்பது கொள்ளளவைக் கூட்டும் தூர்வாரல் மட்டுமன்று. மழை வயலிலிருந்து ஏரிக்கு அடித்துக்கொண்டு வந்த சத்தை மனிதன் ஏரியிலிருந்து வயலுக்குத் திருப்பிக் கொடுத்த ஏற்பாடும் அது. பையில் உரம் வந்த பிறகு வண்டலின் மதிப்பு குறைந்தது. வண்டல் அள்ளுவது நின்றதும் ஏரிக்குள் வரவு மட்டும் நின்றபாடில்லை. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது அதை நீர்க் கொள்ளளவின் கணக்கில் மட்டுமே பார்த்தோம்; சத்தின் கணக்கிலும் பார்த்திருக்க வேண்டும்.

முதியவர் சொன்னதை அடிப்படையாகக் கொண்டு நான் தொட்டியைத் திருத்தினேன். வீட்டில் மீன் வளர்ப்போருக்குப் பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை வரவைக் குறைப்பது. ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீவனம். மிஞ்சினால் சல்லடையால் அள்ளிவிடுகிறேன். குளிர் மிகுந்த மார்கழி நாட்களில் மீன்கள் மந்தமாக இருக்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமானது. தொட்டியைச் சுற்றி இரண்டு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டினேன். தோட்டத்து உரமும் சாணக் கரைசலும் மழையில் வழிந்து உள்ளே வருவது நின்றது. மேலே நிற்கும் புங்க மரத்தின் சருகுகள் நீரில் விழாதபடி வலை கட்டினேன்.

இரண்டாவது, சேர்ந்ததை வெளியேற்றுவது. வாரம் ஒருமுறை அடியில் குழாயை வைத்து உறிஞ்சி, சேற்றோடு சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிடுகிறேன். தாமிரம் கலந்த பழைய வண்டலை மட்டும் முதலில் தனியே அள்ளி, பயிர் இல்லாத ஓரத்தில் ஆழப் புதைத்தேன். இப்போது வரும் சேற்று நீர் முழுவதும் வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. சுவரில் வளரும் இழைப்பாசியைத் துடைப்பக் குச்சியில் சுற்றி இழுத்து எருக்குழியில் போடுகிறேன். மருந்தால் கொன்ற பாசி தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கையால் எடுத்த பாசி தான் தின்ற பாஸ்பரஸோடு வெளியேறுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

எடுத்த நீருக்கு ஈடாக ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ வேறு குழாய் நீரோ ஆனால் அதில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த அண்டாவில் வைத்திருந்து ஊற்றுவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு; உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும்.

மூன்றாவது, பாசிக்குப் போட்டியை ஏற்படுத்துவது. தொட்டியின் ஓரத்தில் நீளமான பழைய தகரத் தொட்டி ஒன்றைச் சரளைக் கல் நிரப்பி வைத்து, அதில் கல்வாழையும் சேம்பும் வெட்டிவேரும் நட்டேன். சிறிய மோட்டார் மீன் தொட்டி நீரை அதில் ஏற்றுகிறது. கற்களின் ஊடே வழிந்து மீண்டும் கீழே விழுகிறது. கற்களில் படியும் நுண்ணுயிர்கள், மீன்கள் வெளியேற்றும் நச்சு அம்மோனியாவைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். அந்தக் கற்களைக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். நைட்ரேட்டையும் பாஸ்பரஸையும் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் செடியை வளரவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பயனில்லை. இலைகள் பழுத்து நீரில் விழுந்தால் தின்றதெல்லாம் திரும்பிவிடும். மாதந்தோறும் வெட்டி எடுத்தால்தான் கணக்கு நேராகும்.

நான்காவது, ஒளியைக் குறைப்பது. பசுமைக்குடில்களும் நாற்றங்காலும் நிறைந்த ஓசூர்ப் பகுதியில் நிழல்வலை கிடைப்பது எளிது. தொட்டியின் பாதிப் பரப்புக்கு மேல் அதைக் கட்டினேன். அல்லிக் கொடி ஒன்றையும் நட்டேன். நீர்ப்பரப்பை முழுவதும் மூடக் கூடாது. காற்று படும் இடம் வேண்டும்.

வேறு வழிகளும் சொல்லப்படுகின்றன. புறஊதா விளக்கு வழியே நீரைச் செலுத்தினால் மிதக்கும் நுண்பாசி திரளும். அதை வடிகட்டி எடுத்தால் பயனுண்டு, எடுக்காவிட்டால் பழைய கதைதான். படிகாரம் பாஸ்பரஸைப் பிணைத்து அடியில் படியச் செய்யும். ஆனால் மென்னீரில் அமிலத்தன்மையை ஏற்றி மீனுக்குக் கேடாகலாம். இங்கிலாந்தில் பார்லி வைக்கோலை நீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவியது. ஆய்வுகளில் அது சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. வெள்ளிக் கெண்டையை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்பார்கள். தின்னும், ஆனால் தின்றதில் பெரும்பகுதி கழிவாக நீருக்கே திரும்பும். அந்த மீனைப் பிடித்து எடுக்கும்போதுதான் சத்து வெளியேறும். எந்த வழியாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் பாஸ்பரஸ் வெளியே போகிறதா, உள்ளேயே இடம் மாறுகிறதா?

பாசியே இல்லாத தொட்டியும் இலக்கன்று. இளம்பச்சை நீர் மீனுக்கு உணவும் பகலில் பிராணவாயுவும் தருகிறது. மீன் வளர்ப்போர் கையாலேயே அளக்கிறார்கள். கையை நேராக நீருக்குள் விட வேண்டும். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிகுதி. முழங்கை நனையும் ஆழத்தில் மறைந்தால் அளவு சரி. நீர் கலங்கல் சேற்றால் வந்ததாக இல்லாதவரை இந்த அளவை நம்பலாம். கூடுதல் அறிவுரை வேண்டுவோர்க்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தொட்டியில் பெருகிய ஆகாயத்தாமரையையோ அயல்நாட்டு மீன்களையோ இரக்கத்தால் பக்கத்து ஏரியில் விட்டுவிடக் கூடாது. ஒரு கைப்பிடி ஆகாயத்தாமரை ஓர் ஏரியையே மூடிவிடும். மேலும், நீரின் மேல் பச்சை வண்ணப்பூச்சு கொட்டியதுபோல் ஏடு படிந்து நாறினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அவற்றுள் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நீரை மாட்டுக்கும் நாய்க்கும் காட்டக் கூடாது.

சித்திரை பிறந்தபோது என் உள்ளங்கை முழங்கை ஆழம்வரை தெரிந்தது. இப்போது தொட்டியில் ஏழு மீன்கள் இருக்கின்றன. பதினான்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இத்தனை நீர் எத்தனை மீனின் கழிவைத் தாங்கும் என்பதும் அந்தக் கணக்கின் பகுதியே.

இந்தக் கணக்கைக் கற்ற பிறகு கெலவரப்பள்ளி அணையைப் பார்க்கும் பார்வையும் எனக்கு மாறியது.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருக்குக் கிழக்கே பாய்ந்து, ஓசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. இங்கே அதை முதலில் தேக்குவது கெலவரப்பள்ளி. பின்னர் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெங்களூரின் கழிவுநீர் இறங்கும் மூன்று பெரும் பள்ளத்தாக்குகளில் விருஷபாவதி காவிரிப் படுகைக்குச் செல்கிறது. ஹெப்பால், கோரமங்கலா-செல்லகட்டா ஆகிய மற்ற இரண்டும் தென்பெண்ணையை நோக்கியே வடிகின்றன. 2015-இலும் 2017-இலும் தீப்பற்றிய செய்தியால் உலகம் அறிந்த பெல்லந்தூர் ஏரி இந்த வழியில்தான் இருக்கிறது. அதன் சீர்கேடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகுகள் திறக்கப்படும்போது ஆற்றில் வெண்ணுரை மலைபோல் எழுவதும், வயல்களிலும் தரைப்பாலங்களிலும் அது பரவுவதும் ஆண்டுதோறும் வரும் செய்தியாகிவிட்டது. நுரையின் படம் நாளிதழில் வருகிறது, அதிகாரிகள் பார்வையிடுகிறார்கள், நீர் மாதிரி எடுக்கப்படுகிறது, நுரை அடங்கியதும் பேச்சும் அடங்குகிறது.

நுரையும் பாசியும் ஒன்றல்ல. நுரை சலவைப் பொருள்களில் உள்ள நுரைப்பிகளால் எழுவது. ஆனால் நுரையைக் கொண்டுவரும் அதே கழிவுநீர்தான் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கொண்டுவருகிறது. நுரை கண்ணுக்குத் தெரியும், சில நாட்களில் கலையும். பாஸ்பரஸ் கண்ணுக்குத் தெரியாது, கலையவும் செய்யாது. அணையின் அடி வண்டலில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்து, பிராணவாயு குறையும்போதெல்லாம் மீண்டும் நீருக்குள் வரும்.

ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் கழிவாக வெளியேறுகிறது. ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 150 கிலோ. அதை ஐந்நூறால் பெருக்கினால் 75 டன் பாசிக்கான உணவு. பெங்களூரின் மக்கள்தொகையோ ஒரு கோடிக்கு மேல். அவர்களுள் எத்தனை லட்சம் பேரின் கழிவு இந்த ஆற்றை நோக்கி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், என் தொட்டியில் நான் இட்ட ஐம்பது கிராம் தீவனம் வேடிக்கையாகிவிடுகிறது.

'கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறது' என்ற பதிலோடு நாம் நின்றுவிடலாகாது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மக்கும் கழிவைக் குறைக்கவே முதன்மையாக அமைக்கப்படுபவை. பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் பிரித்தெடுக்க அதற்கென மேலதிகப் படிநிலைகள் வேண்டும். அவை இல்லாத நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும், நாறாமலும் இருக்கும். பாசிக்கு உரமாகவும் இருக்கும்.

வட அமெரிக்காவின் ஈரி ஏரி இதில் நமக்கு இரட்டைப் பாடம் தருகிறது. 1960-களில் அந்த ஏரி 'செத்துவிட்டது' என்றே பேசப்பட்டது. கனடா 1970-இலும் 1973-இலும் சலவைத்தூளில் பாஸ்பேட் அளவைப் படிப்படியாகச் சட்டத்தால் குறைத்தது. 1972-இல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்து, பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டன. இரண்டு நாடுகள் ஓர் ஏரிக்காக ஒரே எண்ணை ஏற்றுக்கொண்டன. ஏரி மீண்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நகரங்கள் திருந்திய பின் வயல்களிலிருந்து வழிந்த உரம் ஏரியை மீண்டும் பச்சையாக்கியது. 2014 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்தின் டோலிடோ நகரில், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்ததால், ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது என்பதால், காய்ச்சிக் குடிக்கும் வழியும் இல்லை.

ஆகவே பெங்களூரை மட்டும் குற்றம் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. 2019-இல் மாநகராட்சியான ஓசூரும் நாள்தோறும் வளர்கிறது. அதன் கழிவுநீரும் எங்கோ வடிந்தாக வேண்டும். எங்கள் ஊர்ப்புறத்து ரோஜாக் குடில்களிலும் தக்காளி, முட்டைக்கோசு வயல்களிலும் மண்ணைச் சோதிக்காமல் மூட்டைக் கணக்கில் இடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் ஓடைக்கே போகிறது. மேல்கரையார் நமக்குச் செய்வதை நாம் கீழ்கரையாருக்குச் செய்துகொண்டிருக்கிறோம். கிருஷ்ணகிரிக்கும் சாத்தனூருக்கும் நாமே மேல்கரை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. எல்லையில் ஆறு நுழையும் இடத்திலும் ஒவ்வோர் அணையிலும் பாஸ்பரஸ், நைட்ரஜன் அளவுகள் மாதந்தோறும் அளக்கப்பட்டு, அணையின் நீர்மட்டத்தைப்போல நாளிதழில் வெளியாக வேண்டும். ஆற்றை நோக்கி நீர் விடும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு, அவை எந்த மாநிலத்தில் இருந்தாலும், பாஸ்பரஸுக்கு ஒரே வரம்பு வேண்டும். இரு மாநிலங்களும் எத்தனை டி.எம்.சி. என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டன. அந்த நீரில் என்ன இருக்கிறது என்பதும் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டும். மண் பரிசோதனைக்குப் பிறகே உரம் என்பது உழவர்க்குச் செலவையும் குறைக்கும். தூர்வாரும்போது வண்டலைச் சோதித்து, நச்சு உலோகம் இல்லாததை வயலுக்கும், இருப்பதைப் பாதுகாப்பான இடத்துக்கும் அனுப்ப வேண்டும். நுரையைத் தணிப்பதும் பாசிக்கு மருந்து தெளிப்பதும் இவற்றுக்கு மாற்றாகா.

தொட்டியில் நான் செய்த பிழையை ஒரே விடியற்காலையில் பதினொரு மீன்கள் எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆறு அவ்வளவு விரைவில் காட்டிக்கொடுப்பதில்லை. அதன் அடியில் சேறு ஏறிக்கொண்டே இருக்கும். பேத்திக்கு நான் இப்போது சொல்லும் விடை இதுதான்: பாசி திரும்ப வரவில்லை அம்மா, நாம் நீருக்குள் போட்டதுதான் திரும்ப வந்தது.